பௌர்ணமிக் காய்ச்சல்

அருள்ராஜ் சென்னையிலிருந்து வந்து இறங்கிய அன்று காலை பத்து மணிக்குள் எனக்குப் பதினேழு போன் வந்திருந்தது. பதினேழும் விடுப்பு. ஒருத்திக்கு நாத்தனார் வீட்டில் காதுகுத்து, ஒருவனுக்கு பைக் வழியில் நின்றுவிட்டது, இன்னொருவன் காரணமே சொல்லாமல், "மேடம், இன்னிக்கு வரல" என்று வைத்துவிட்டான். திருவண்ணாமலையில் இரண்டு லாட்ஜும் ஒரு கல்யாண மண்டபமும் நடத்துகிற நிறுவனத்தில் நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அந்த நூற்று நாற்பது பேருக்கும் மனிதவள அலுவலர் நான் ஒருத்திதான். பெயர் மணிமொழி, வயது நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வருடமாக இதே நாற்காலி.

அருள்ராஜ், நாங்கள் வாங்கியிருக்கும் எச்.ஆர். மென்பொருள் கம்பெனியின் ஆள். அந்த மென்பொருளோடு ஒரு ஏஐ ஏஜென்டை இணைத்துக் கொடுக்க வந்திருந்தான். இனிமேல் யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாமாம். வாட்ஸ்அப்பில் அதனிடம் வாயால் சொன்னால் போதும். அதுவே விடுப்பைப் பதியும், விதியைப் பார்க்கும், கடிதம் எழுதும். முதலாளி சுரேஷ்குமார் எங்கோ ஒரு கூட்டத்தில் இதைப் பார்த்துவிட்டு வந்து, "உங்களுக்காகத்தான் மேடம், உங்க வேலை கம்மியாகும்" என்றார்.

என் வேலையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த எதுவும் இதுவரை அதைக் குறைத்ததில்லை. கைரேகை மெஷின் வந்தது. பினாயிலிலும் சோப்புத் தண்ணீரிலும் ரேகை அழிந்துபோன விரல்களை அதற்கு அடையாளம் தெரியவில்லை. துப்புரவுப் பெண்கள் எல்லோரும் வந்தும் வராதவர்கள் ஆனார்கள். அவர்களையெல்லாம் நான்தான் தினமும் சாயங்காலம் உட்கார்ந்து கையால் ஏற்றினேன். ஆகவே அருள்ராஜைப் பார்த்தபோது எனக்கு எந்த ஆர்வமும் வரவில்லை. டீ சொன்னேன்.

வேங்கிக்கால் கிளையின் இரண்டாவது மாடியில் என் அறை. அவன் என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டான். ஏதோ ஒரு நீளமான சாவி எண்ணை இங்கிருந்து அங்கே ஒட்டினான். பிறகு வரிசையாகக் கட்டங்கள் வந்தன.

"மேடம், பதிவுகளப் படிக்கிற உரிமை குடுக்கலாமா?"

"குடுங்க தம்பி."

"எழுதுற உரிமை? கடிதம் அனுப்புற உரிமை?"

"அதையும் குடுங்க."

"பழைய ரெக்கார்டு எல்லாம் படிக்கட்டுமா? மூணரை வருஷத்துது இருக்குது. படிச்சாதான் ஆளுங்களப் பத்தி நல்லாப் புரிஞ்சிக்கும்."

அந்த நேரம் பதினெட்டாவது போன் வந்தது. காதில் அதை வைத்துக்கொண்டு, "படிக்கட்டும், எல்லாத்தையும் படிக்கட்டும்" என்று கையாட்டினேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம். அசந்துபோனவளுக்கு யோசனை எங்கே வரும்? எப்படியாவது இந்தக் கட்டங்கள் முடிந்தால் சரி என்று இருந்தது.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. "புதுசா ஒரு ஏஜென்ட் வந்திருக்காராமே, ஆளையே கண்ணுல காட்ட மாட்டேங்குறீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட, அது ராத்திரி பகல் பார்க்காமல் பதில் சொல்வதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். என் போன் பாதியாகக் குறைந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டை நடுவில் எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடித்தேன். அப்படிச் சாப்பிட்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை எல்லம்மாள் வந்தாள்.

எல்லம்மாள் அடி அண்ணாமலைக்காரி. மூன்றாவது மாடி துப்புரவு. பதினைந்து வருடம் மாடிப்படி ஏறி இறங்கி முட்டி இரண்டும் போய்விட்டது. அந்த மாதம் ஃப்ளோர் சூப்பர்வைசர் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் அவள் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். நாற்பத்தைந்து வயது தாண்டினால் சூப்பர்வைசர் ஆக முடியாது என்பது விதி. வரும் சித்திரையில் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் அவளுக்கு இல்லை, சாகிற வரைக்கும் வாளிதான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உள்ளே வந்தவள் உட்காரவில்லை. முகம் கறுத்துச் சுருங்கியிருந்தது. போனை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"மேடம், மறைக்காத சொல்லுங்க. எனக்கு என்னா வியாதி?"

எடுத்துப் படித்தேன். ஏஜென்ட் எழுதிய கடிதம். அழகான தமிழ், ஒரு பிழை இல்லை.

'அன்புள்ள எல்லம்மாள் அவர்களுக்கு, கடந்த மூன்றரை ஆண்டுகளில் தங்களுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பது நாட்களுக்கு ஒரு முறை, மொத்தம் நாற்பத்தொரு முறை, உடல்நலக் குறைவு ஏற்பட்டிருப்பது பதிவுகளில் தெரிகிறது. காய்ச்சல், தலைசுற்றல், வயிற்றுவலி ஆகியவை ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப வருவது கவனிக்க வேண்டியது. தாங்கள் விரைவில் நல்ல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தங்கள் உடல்நலனைக் கருதி, மருத்துவத் தகுதிச் சான்று வரும்வரை தங்கள் மேற்பார்வையாளர் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

"போன மாசம் கேம்ப் வெச்சு எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்களே, அதுல ஏதோ தெரிஞ்சிருக்குது" என்றாள் எல்லம்மாள். "எங்க அக்காவுக்கும் இப்படித்தான் மேடம். வயித்துல கட்டி. கடைசி வரைக்கும் யாரும் அவகிட்ட சொல்லல. நாலு நாளா நான் தூங்கல. எந்தப் பெட்டியில என்னா இருக்குதுனு எம்பொண்ணுகிட்ட சொல்லிக்கினு இருக்கேன். அது அழுவுது."

அந்த வியாதியை அவளுக்குக் கொடுத்தது நான்.

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையைச் சுற்றி வர லட்சக்கணக்கில் ஜனம் வரும். அன்றைக்கு எங்கள் லாட்ஜில் ஒரு ரூம் காலி இருக்காது. ஆகவே பௌர்ணமி அன்று யாருக்கும் விடுப்பு கிடையாது என்பது முதலாளியின் விதி. ஆனால் கிரிவலப் பாதை அடி அண்ணாமலை வழியாகத்தான் போகிறது. எல்லம்மாள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அத்தனை ஜனமும் நடக்கும். வாசலில் ஒரு அடுப்பு வைத்துச் சோளம் சுட்டால் போதும். அந்த ஒரு நாளை விட்டுவிட்டு எங்கள் பாத்ரூமைக் கழுவ வா என்று சொல்ல எந்த வாய்க்கு மனசு வரும்? எனக்கு வரவில்லை.

மென்பொருளில் காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. சொந்த வேலை என்று போட்டால் முதலாளிக்குப் போகும், அவர் இல்லை என்பார். ஒருநாள் மருத்துவ விடுப்புக்கு மட்டும் டாக்டர் சீட்டும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம். என் அனுமதி போதும். வருடத்துக்குப் பன்னிரண்டு மருத்துவ விடுப்பு, வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. எங்களிடம் வேலை பார்க்கிற அடி அண்ணாமலைப் பெண்கள் ஒன்பது பேருக்கும் மாதாமாதம் நானே உட்கார்ந்து நோய் போட்டேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று மாற்றி மாற்றி. இந்த மாதம் உனக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் வயிற்றுவலி. அதில் எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியப் பெருமைகூட இருந்தது. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்லாவற்றையும் எல்லம்மாளிடம் சொன்னேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. நான் போட்ட காய்ச்சல்தான்."

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல ஆளு மேடம் நீங்க" என்றாள். திட்டினாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

போன மழைக்காலம் நினைவுக்கு வந்தது. நெருப்பாய்க் கொதிக்கிற உடம்போடு எல்லம்மாள் வேலைக்கு வந்து, மூன்றாவது மாடிப்படியில் துடைப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று சத்தம் போட்டேன். "காய்ச்சலுக்கு லீவு எடுத்தா பௌர்ணமிக்கு எங்க மேடம் போறது?" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தேன். எங்கள் பதிவில் அந்த நாள் அவள் நல்ல உடம்போடு முழு நேரம் வேலை பார்த்த நாள்.

"இத மாத்திடலாம்" என்றேன். "நான் உண்மையச் சொல்லிடறேன்."

"சொன்னா உங்க வேலை போயிடுமே."

"போனா போவட்டும்."

"வேணாம் மேடம்" என்றாள் எழுந்து. "நான் வியாதிக்காரியாவே இருந்துட்டுப் போறேன். வாளி தூக்கறது என்னா புதுசா?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் படி இறங்குகிற சத்தம் கீழ் மாடி வரை கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை, ஏஜென்ட்மேலும் இல்லை. அது எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே நம்பியது. எங்கள் ஆபீசில் அப்படி யாரும் செய்ததில்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைத் திறந்து ஏஜென்டிடம் தட்டச்சு செய்தேன். எல்லம்மாளுக்கு நோய் இல்லை, அந்தப் பதிவுகள் தவறு, நீக்கு என்றேன்.

'மருத்துவ விடுப்பை நீக்கினால் அந்த நாற்பத்தொரு நாட்களும் அனுமதியின்றி வராத நாட்களாகும். அதன்படியும் அவர் பதவி உயர்வுக்குத் தகுதி பெற மாட்டார். தொடரலாமா?' என்று கேட்டது.

நோயாளி, இல்லையென்றால் டிமிக்கி கொடுத்தவள். எல்லம்மாளுக்கு இந்த இரண்டில் ஒன்றுதானா? வேறு வழி உண்டா என்று கேட்டேன். விதிப்புத்தகம் முழுவதையும் அது ஒரு நொடியில் புரட்டியிருக்க வேண்டும்.

'ஒரு வழி உள்ளது. அலுவலர் ஒருவர் விடுப்பை அனுமதித்திருந்தால் அது ஊழியரின் தவறு ஆகாது. அனுமதித்தவருக்கு அதிகாரம் இல்லையென்றால், அது அனுமதித்தவரின் தவறு. அனுமதித்த அலுவலரின் பெயர் என்ன?'

ஜன்னலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி மலை தெரிந்தது. இரண்டு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியம் வருவதற்காக என்று சொன்னால் பொய். இதற்குமேல் ஒரு காய்ச்சலைக்கூட என்னால் யோசித்து எழுத முடியாது என்று இருந்தது. என் பெயரைத் தட்டினேன். ஒன்பது பேரின் பதிவுகளையும் இப்படியே மாற்றச் சொன்னேன். முன்னூற்று அறுபத்தொன்பது பதிவுகள், மாற்றலாமா என்று கேட்டது. மாற்று என்றேன். டீ ஆறுவதற்குள் ஒன்பது பேருக்கும் உடம்பு குணமாகிவிட்டது.

அடுத்து இன்னொரு செய்தி வந்தது. 'விதிப்படி, அலுவலர் மணிமொழியிடம் விளக்கம் கேட்கும் கடிதம் தயாரித்துள்ளேன். விளக்கம் வரும்வரை விடுப்பு அனுமதிக்கும் அவரது உரிமை நிறுத்தி வைக்கப்படும். இது நடவடிக்கைக் கடிதம் என்பதால், அனுப்ப மனிதவள அலுவலரின் ஒப்புதல் தேவை.'

மனிதவள அலுவலர் நான்தான். ஒப்புதல் கொடுத்தேன். கடிதம் என் போனுக்கே வந்து டிங் என்றது. அதிலும் ஒரு பிழை இல்லை.

மறுநாள் காலை பழக்கதோஷத்தில் காசியம்மாள் போன் செய்தாள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, செருப்புப் பாதுகாக்கிற கடை போடுகிறவள்.

"மேடம், வெள்ளிக்கிழம பௌர்ணமி. வழக்கம்போல போட்டுடுங்க."

"என்னால முடியாது காசியம்மா. வாட்ஸ்அப்ல அதுகிட்டயே கேளு. உண்மையச் சொல்லிக் கேளு."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "உண்மைனா எது மேடம், காய்ச்சலா, வயித்துவலியா?"

நல்லது செய்கிறேன் என்று நான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். "செருப்புக் கடை போடணும்னு சொல்லு" என்றேன். அது ஒத்துக்கொள்ளுமா என்றாள். ஒத்துக்கொள்ளாது, முதலாளிக்கு அனுப்பும் என்றேன். "அவரு பாத்துடுவாரே" என்றாள் பயந்து. பார்க்கட்டும், மற்ற எட்டுப் பேரிடமும் இதையே சொல்லு என்றேன்.

புதன்கிழமை காலை சுரேஷ்குமார் என் அறைக்கே வந்தார். அவர் மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. கையில் போன்.

"மேடம், என்னா இது? ஒம்பது பேரு லீவு கேக்குறாங்க. பௌர்ணமிக்கு! காரணத்தப் பாருங்க. சோளம் சுடணும். சுண்டல் போடணும். செருப்பு பாத்துக்கணும். இதெல்லாம் ஒரு காரணமா?"

"உண்மைக் காரணம் சார். எப்பவும் அதுதான்."

"உங்ககிட்ட வெளக்கம் கேட்டு அது போட்ட கடிதமும் பாத்தேன். இவ்ளோ வருஷமா பௌர்ணமிக்கு இவங்க வரவேயில்லியா?"

"வரல சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். நீங்க அப்பாகிட்டேர்ந்து பொறுப்பு எடுத்த மொத வருஷம். கெடயாதுன்னு நோட்டீஸ் ஒட்டச் சொன்னீங்க. நான்தான் ஒட்டினேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மறந்துபோயிருந்தது முகத்தில் தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. 'இல்லை' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்த 'இல்லை'யை ஒவ்வொரு மாதமும் சொல்லாமல் தப்பித்தவர். தப்பிக்க வைத்தவள் நான்.

"அப்ப அன்னிக்கு ரூமெல்லாம் யாரு பாத்தது? ஒரு கம்ப்ளைண்ட்கூட வந்ததில்லியே."

"எல்லம்மா அனுப்பினதத் தொறந்து கேளுங்க சார்."

அவர் போனை அழுத்தினார். எல்லம்மாளின் குரல் அறையில் கேட்டது. பஸ் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியிருந்தாள்.

"வெள்ளிக்கிழம லீவு வேணும். சோளக் கடை போடணும். வியாதி ஒண்ணும் இல்ல. மூணாவது மாடிய நம்ம மண்டபத்துல வேல பாக்குற கீழ்பென்னாத்தூரு வெள்ளையம்மா பாத்துக்கும். ரெண்டாவது மாடிக்கு அதுகூட வர்ற ரெண்டு பேரு. அன்னிக்கு பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான், அதனால வியாழக்கிழமயே வந்து ஸ்டோர் ரூம்ல தங்கிடுவாங்க. பாய், தலகாணி எடுத்து வெச்சிருக்கேன். சனிக்கிழம காலையில ஆறு மணிக்கெல்லாம் நாங்க ஒம்பது பேரும் வந்துடுவோம், செக்-அவுட் ஜாஸ்தியா இருக்கும். போன அறுப்புக்கு அவங்களுக்கு நாங்க பாத்தோம், இப்ப எங்களுக்கு அவங்க பாக்குறாங்க. அவ்ளோதான்."

சுரேஷ்குமார் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்.

"இத மாசாமாசம் பண்றாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு ஒம்பது வருஷமா சார். சூப்பர்வைசர் வேலையத்தான் பாத்துக்கினு இருக்கா. பேருக்கு வாளி."

அவர் போனில் விரலை வைத்து அனுமதியை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒன்பது தடவை. பிறகு சூப்பர்வைசர் பட்டியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எல்லம்மாள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் போனை மறுபடி பார்த்தார்.

"பத்தாவது ஒண்ணு இருக்குதே?"

"என்னுது சார். காலையில போட்டேன்."

படித்தார். காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் எழுதியிருந்தேன். அசதி.

"உடம்பு சரியில்லியா மேடம்?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது சார்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தாரா என்று எனக்கு ஞாபகமில்லை. மறுபடி திரையைப் பார்த்தார்.

"எத்தன நாள்னு போடலியே?"

"தெரியல சார்" என்றேன். "அதான் அந்தக் கட்டத்த மட்டும் விட்டுட்டேன்."